ஒரே துளையில் மாட்டிய இரண்டு என்ஜின்கள்

கிளப்பில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் மில்லிமீட்டர். அவருக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளுக்குள் குளிர்ந்துகொள்வார்.

பகலில் அவருக்குத் தண்ணீர் மீட்டர் பணிமனையில் வேலை. வீடுகளிலிருந்து கழற்றி வரும் மீட்டர்களை நீள மேஜையில் வரிசையாக மாட்டி, அளந்த தண்ணீரை உள்ளே விட்டு, எது கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று பார்த்து, சரியானதற்கு ஈய முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதேதான். ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரை கிளப்பில் பந்தயப் படகுகளின் என்ஜின்களை அளப்பார். அதற்குச் சம்பளம் கிடையாது, மதிப்பு உண்டு. முதலில் வந்த படகின் மேல் புகார் வந்தால் அதன் என்ஜினைத் திறந்து, விதிப்புத்தகம் சொல்வதற்கு மேல் யாராவது குடைந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். அவர் "சரி" என்றால் சரி. "இல்லை" என்றால் மேல்முறையீடே கிடையாது.

கிளப் ஒன்றும் பெரிய இடமில்லை. தகரக் கொட்டகை, படகு இறக்க ஒரு சரிவு, இரண்டு டஜன் படகுகள். ஓட்டுகிறவர்கள் எல்லாம் வாரம் முழுக்க வேறு பிழைப்பு பார்க்கிறவர்கள். தலைவருக்கு மருந்துக்கடை. போன வருஷம் கோப்பை வாங்கியது மில்லிமீட்டரின் மகள். அவளுக்கு வங்கியில் வேலை. ஏழு வருஷமாகச் சளைக்காமல் கடைசியில் வந்துகொண்டிருந்தவர் ஒரு தையல்காரர். கடைசியில் வந்தாலும் மனிதர் கரை ஏறியதும் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றுவார்.

எல்லாப் படகுக்கும் ஒரே மாடல் என்ஜின் என்பதுதான் அந்தப் பிரிவின் விதி. ஓட்டுகிறவனின் கைதான் ஜெயிக்க வேண்டும், காசு ஜெயிக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்த மாடலைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். உதிரிபாகமும் வருவதில்லை. புது மாடல் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று தலைவர் கூட்டம் போட்டு, மாதிரிக்கு ஒரு புது என்ஜினையும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கூடவே, உள்ளே போகும் காற்றைக் குறைக்கத் துளை போட்ட ஒரு சின்னத் தகடு. புதுசு ரொம்ப வேகமாக ஓடினால் அந்தத் தகட்டைப் போட்டுப் பழசுக்குச் சமமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மில்லிமீட்டர் எழுந்துபோய் என்ஜினின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விரலால் இரண்டு தட்டு தட்டினார். யாரும் கேட்காமலே சொன்னார்: "இது வேலைக்கு ஆகாது. எழுதி வச்சுக்கோங்க. அஞ்சு சுத்துல பத்து நொடி பின்தங்கும்."

எழுதியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு சோதனை ஓட்டம். ஒரே படகு, ஒரே ஆள். ஓட்டப் போவது அவர் மகள். முதலில் பழைய என்ஜின், பிறகு புதிய என்ஜின். இரண்டையும் மாட்டுகிற பொறுப்பு இவருடையது.

முந்தின நாள் சாயங்காலம் கொட்டகையில் தனியாக நின்று புது என்ஜினை அளந்தார். தண்ணீருக்குள் இறங்குகிற அதன் கால் பழசைவிட இருபத்திரண்டு மில்லிமீட்டர் நீளம். அப்போதே விளங்கிவிட்டது. படகின் பின்பலகையில் மாட்டும்போது ஒரு துளை மேலே ஏற்றி மாட்டினால் இது பழசைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழசை மாட்டுகிற அதே துளையில் மாட்டினால் கால் ஆழமாக இறங்கித் தண்ணீரை உழுதுகொண்டு திணறும். எதை அளந்தாலும் நோட்டில் எழுதுகிற மனிதர், அந்த இருபத்திரண்டை எழுதவில்லை.

சோதனையன்று எல்லோர் கண்ணெதிரிலும் இரண்டையும் ஒரே துளையில் மாட்டினார். "பாத்துக்கோங்க, ரெண்டுக்கும் அதே நாலாவது துளைதான். ஓரவஞ்சனை கிடையாது" என்று சத்தமாக வேறு சொன்னார். முழுப் பூசணிக்காயை இவ்வளவு நேர்த்தியாகச் சோற்றில் மறைத்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். புதுசு ஒன்பதே முக்கால் நொடி பின்தங்கியது. கைதட்டினார்கள். மகள் கரையேறி, "அப்பா, அப்படியே சொன்னீங்களே!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றைக்கு ஒரு சுற்று பெருத்துத்தான் வீட்டுக்குப் போனார்.

புது என்ஜினையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள், விஷயம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தலைவர் வேறு மாதிரி யோசித்தார். "வேற வழி இல்லையே, சேர்த்துதான் ஆகணும். ஏற்கெனவே சவலைப் பிள்ளையா இருக்கு. அதுக்குத் தகடு வேற எதுக்கு? அப்படியே ஓடட்டும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். தேவையில்லாத இடத்தில் திறந்த வாய் தேவைப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது.

தையல்காரரின் பழைய என்ஜின் அந்த மாதமே வெடிப்பு விட்டது. வேறு வழியில்லாமல் அவர்தான் முதல் ஆளாகப் புதுசை வாங்கினார். சவலைப் பிள்ளையைத் தத்தெடுத்தவர் என்று எல்லோரும் அவரைக் கேலி பண்ணினார்கள். அவர் சட்டைக்குக் கை பார்ப்பதுபோல் ஒவ்வொரு வாரமும் ஏற்றி, இறக்கி, ஓட்டிப் பார்த்து, எந்தத் துளை சரி என்று தானாகவே கண்டுபிடித்தார். எந்தத் துளையில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது விதியிலேயே இருக்கிறது.

சீசனின் முதல் பந்தயம், அதே ஐந்து சுற்று. தையல்காரர் முதலில் வந்தார். மில்லிமீட்டரின் மகளைவிட எட்டு நொடி முன்னால். கரையில் நின்ற தையல்காரரின் மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் மகள் புகார்ச் சீட்டோடு வந்தாள். "டெஸ்ட் அன்னைக்கு நான்தானே ஓட்டுனேன். இந்த என்ஜின் இழுக்கவே இழுக்காது. எங்கப்பா அளந்த கணக்கு தப்பாது. பத்து நொடி பின்னால வர்றது எட்டு நொடி முன்னால வருதுன்னா, உள்ள ஏதோ வேலை நடந்திருக்கு. திறந்து பாருங்க."

திறந்து பார்க்க வேண்டியவர் யார்? இவரேதான்.

கொட்டகையில் என்ஜினை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். சுற்றி இருபது பேர். மில்லிமீட்டர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். இல்லாத திருட்டைத் தேடுகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலிண்டர் சரி. பிஸ்டன் சரி. காற்று போகும் வழி சரி. பின்னாலிருந்து ஒருவர், "ஊசி போன இடம் தெரியாம தைக்கிற ஆளு, லேசுல அகப்படுவாரா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தையல்காரரின் மனைவி கோப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே, பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"மறுபடி அளங்கப்பா" என்றாள் மகள்.

மறுபடி அளந்தார். அதே அளவு. தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, சீல் வச்சு வெளியில அனுப்புவோம். பெரிய ஆளுங்க பார்க்கட்டும். ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கோப்பை இங்கேயே இருக்கட்டும்."

அப்பாடா என்றிருந்தது இவருக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியதுதான்: உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்துக் குற்றமில்லை என்று கடிதம் வரும். தையல்காரர் தப்பித்துவிடுவார். தானும் தப்பித்துவிடலாம். ஒரு மாதம் ஒரு மனிதர் கள்ளன் என்ற பெயரோடு கடையைத் திறந்து மூடினால் என்ன முழுகிப்போய்விடும்?

அப்போது தையல்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. "சார், எனக்குத் தெரியாமலே நான் ஏதாவது தப்பா மாட்டிட்டேனா? நீங்க போட்ட கணக்கு தப்பாது. அப்ப என்கிட்டதானே ஏதோ பிசகு இருக்கணும்?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

மில்லிமீட்டர் கையிலிருந்த அளவுகோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த என்ஜின்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு டெஸ்ட்லதான் தப்பு. கால் நீளம் ஜாஸ்தி. ஒரு துளை ஏத்தி மாட்டியிருக்கணும். நான் ஏத்தல."

தலைவர் நல்ல மனிதர். "அதனால என்ன? வயசாகுதில்ல, யாருக்கும் கண்ணு தவறுறதுதானே" என்றார்.

"கண்ணு தவறல. முந்தின நாளே அளந்தேன். தெரிஞ்சேதான் மாட்டுனேன்."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்தாள். "எனக்காகவாப்பா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பெற்ற பாசம் என்று பாதிப் பேர் மன்னித்திருப்பார்கள். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் பழி முழுக்க அவள் தலையில் விடிந்திருக்கும்.

"இல்லம்மா. பத்து நொடின்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

இவ்வளவு அற்பக் காரணமா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. கையிலிருந்த புகார்ச் சீட்டை நாலாக மடித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தையல்காரரிடம் போய், "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றாள்.

தையல்காரர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "சார், அப்ப நியாயமா டெஸ்ட் நடந்திருந்தா இதுக்குத் தகடு போட்டிருப்பாங்கல்ல?"

"போட்டிருப்பாங்க."

"போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா?"

பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. அதுவும் இரக்கத்தில் வருகிற பொய். ஆனால் கேட்பது அளவு. மில்லிமீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தகடு அஞ்சு சுத்துக்குப் பன்னெண்டு நொடி பிடிச்சிருக்கும். நீங்க எட்டுல ஜெயிச்சீங்க. எம் பொண்ணுக்கு அடுத்தவர் பதினொண்ணுல வந்தார். நீங்க மூணாவதா வந்திருப்பீங்க."

தையல்காரர் அப்படியே நின்றார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்து, "கேட்டியா, மூணாவதாம்!" என்றார். முகம் மலர்ந்து போயிருந்தது. மில்லிமீட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் மூணாவதுகூட வந்ததில்லையே சார்."

அதற்குப் பதிலாக அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.