முகவரியின் இரண்டாம் வரி

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கத்தரி என்று பெயர். கணினிப் பிரிவில் இருபது வருடமாக நோயாளிப் படிவங்களைக் கட்டி மேய்க்கிறவர். முன்பொரு முறை ஒரு நர்ஸ், நோயாளியின் மாமியார் சண்டையிலிருந்து ஆரம்பித்து மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதிவைக்க, பெரிய டாக்டர் தாளைத் தூக்கி எறிந்தார். அன்றைக்குக் குறிப்புக் கட்டத்துக்கு அறுபது எழுத்து என்று வரம்பு வைத்தவர்தான். பிறகு கை நிற்கவில்லை. பெயருக்கு நாற்பது, தொழிலுக்கு இருபது, ஊழியர்களின் புகாருக்கு முப்பத்தைந்து. அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒரு எழுத்து ஏறாது. பேச்சிலும் மனிதர் அப்படித்தான். "உங்க வாய்க்கும் அளவு வச்சுட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "ம்" என்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். மறுநாள் காலை இடுப்பில் ஆபரேஷன். கவலையை மறக்க ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகவரியின் இரண்டாம் வரி மட்டும் இன்னும் இருநூறு எழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அதை முப்பதாக்கி, மீறியதையெல்லாம் வெட்டிவிடலாம் என்று பட்டியலை எடுத்தார்.

பார்த்தால், மருந்துக்குக்கூட ஒரு தெருப் பெயர் இல்லை. 'இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும்.' 'மகன் இறந்தது இன்னும் தெரியாது.' கண்டதையும் போட்டு நிரப்பியிருக்கிறார்களே என்று எரிச்சல் வந்தது. வெட்டுவதற்கு விரலைக் கொண்டுபோனபோது அக்காவின் பதிவு கண்ணில் பட்டது.

'இருபது வருடம் முன்பு மயக்க ஊசி போட்டதும் மூச்சு நின்று பிழைத்தவர். மயக்க டாக்டர் அவசியம் பார்க்கவும். தம்பியிடம் சொல்ல வேண்டாமாம், பயந்துவிடுவாராம்.'

முப்பதில் வெட்டியிருந்தால் 'மூச்' வரைதான் மிஞ்சியிருக்கும். பட்டியலை அப்படியே விட்டு எழுந்தார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி, மூச்சிரைக்க வார்டு நர்ஸின் முன்னால் போய் நின்றார்.

"சிஸ்டர், எங்க அக்கா விஷயத்தை ஏன் முகவரியில போட்டீங்க?"

"வேற எங்க சார் போடறது? உங்க குறிப்புக் கட்டம் நோய் பேரு எழுதறதுக்குள்ளயே நின்னுடுது. முகவரியில ரெண்டாவது வரியை யாரும் சீண்டறதில்ல, இடமும் தாராளம். ஆறு வருஷமா நாங்க, டாக்டருங்க எல்லாரும் அங்கதான் பாக்கறோம்."

"மயக்க டாக்டர் பாத்துட்டாரா?"

"காலையிலயே பாத்தாச்சு. மருந்தையே மாத்திட்டாரு."

அவருக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "ஆறு வருஷமா? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"எழுதிப் போட்டோமே சார்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

கீழே வந்து பழைய புகார்களைத் தேடினார். ஆறு வருடத்துக்கு முந்தையது ஒன்று அகப்பட்டது.

'குறிப்புக் கட்டம் போதவில்லை. இது நோயாளிகளின் உயிருக்கே ஆ'

அதற்குக் கீழே பதிலும் இருந்தது: 'புகார் முழுமையாக இல்லை. முடித்துவைக்கப்பட்டது.'

பதில் எழுதியவர் என்ற கட்டத்தில் அவருடைய பெயர் முழுதாக இருந்தது.