ராசாங்கம் கேட்ட வாடகை

ராசாங்கத்துக்குச் சொந்தமாக ஒரே ஒரு பத்து வீல் லாரி. அதை அவரே ஓட்டுகிறார். குன்னத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவரின் மகன். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, நாற்பதைத் தாண்டிய பிறகு பைனான்ஸில் வண்டி எடுத்தார்.

ஆலத்தியூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை லோடு நேராகக் கிடைத்துவிடாது. லாரி ஷெட்டில் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அறிவரசன் கைவழியாகத்தான் வரும். ஆலை என்ன தருகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாயிலிருந்து வருவதுதான் வாடகை. போன ஐப்பசி மழையில் கட்டட வேலைகள் நின்று, லாரிகள் தேங்கிப்போன நேரம் பார்த்து விழுப்புரம் லோடுக்கு வாடகையைச் சட்டென்று இறக்கினார்.

"டீசலும் டோலும் போனா எனக்கு டயர் தேயுறதுதாங்க மிச்சம்" என்றார் ராசாங்கம்.

"நீ போவலன்னா பின்னாடி வரிசையா வண்டி நிக்குதுய்யா."

"நிக்கட்டுங்க. கட்டுபடியாவாத வாடகைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

அறிவரசன் நிமிர்ந்து பார்த்தார். ராசாங்கத்தின் அப்பா கூலிக்கு நின்றது அவர்கள் குடும்பத்து நிலத்தில்தான். "உங்கப்பன் எங்க களத்துல அளந்து போட்டத வாங்கிக்கிட்டுப் போவான். ஒரு நாளும் எதுத்துக் கேட்டதில்ல, தெரியுமா?"

ஆபீஸில் இருந்த டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். ராசாங்கத்துக்குக் காதுமடல் சுட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"தெரியும்ங்க. அவரு கேக்காம வுட்டதையும் சேத்துத்தான் நான் கேக்குறேன்."

காலி வண்டியோடு வெளியேறினார். அந்த லோடை ஏற்றியது வெள்ளைச்சாமி. இருவரும் ஒன்றாக லாரி பழகியவர்கள். கேட்டருகே வெள்ளைச்சாமி தயங்கி நின்றார். "மவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்யா."

"போயிட்டு வா. உம்மேல எனக்கு என்ன கோவம்?"

அதன்பிறகு அறிவரசன் மட்டுமல்ல, அரியலூரில் வேறெந்தப் புரோக்கரும் ராசாங்கத்துக்கு லோடு தரவில்லை. அவர் சொல்லிவைத்திருந்தார். பைனான்ஸ்காரர்கள் போன் செய்தபடி இருந்தார்கள். சொந்த வண்டியை வீட்டருகே நிறுத்திவிட்டு, அடுத்தவர் டிப்பருக்குச் சம்பள டிரைவராகப் போனார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "பேசாம அந்தாளுகிட்டயே போயிடலாமான்னு இருக்கு" என்றார்.

மனைவி செங்கமலம் குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். "போனீங்கன்னா இந்த வூட்டுக்கு வராதீங்க. தை பொறந்தா நம்மூர்ல மக்காச்சோளம் அறுப்பாங்க. நாமக்கல் கோழித் தீவன மில்லுக்கு நேரா ஏத்துவோம். நடுவுல எவன் வேணும் நமக்கு?"

சொன்னதோடு நிற்கவில்லை. குன்னத்தைச் சுற்றிச் சோளக்காடு சோளக்காடாகப் போய், சேர்ந்து ஏற்றினால் மூட்டைக்கு இவ்வளவு வாடகை, டீசலுக்கு இவ்வளவு, எங்களுக்கு இவ்வளவு என்று விவசாயிகளிடம் உடைத்துப் பேசினாள். முதலில் இரண்டு பேர்தான் நம்பினார்கள். பணம் மில்லிலிருந்து நேராகத் தங்கள் கைக்கு வந்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் வந்தார்கள். திரும்பும்போது ராசாங்கம் வயலுக்குக் கோழி எரு ஏற்றி வந்தார். ஷெட்டைக் கடக்கும்போது அங்கே நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கழுவுனா போற நாத்தந்தான்!" என்று கத்திவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டு போனார்.

பங்குனியில் சிமெண்டுக்குக் கிராக்கி வந்து வண்டி போதவில்லை. அறிவரசனே கூப்பிட்டார். "பழச மனசுல வச்சுக்காத ராசாங்கம். உனக்கு மட்டும் நல்ல வாடகையாப் போட்டுத் தரேன்."

ராசாங்கம் ஷெட்டுக்குப் போனார். எல்லா டிரைவர்களும் கேட்கும்படியே சொன்னார். "எனக்கு மட்டும் வேணாங்க. ஆலை என்ன குடுக்குது, நீங்க என்ன எடுக்குறீங்க, எங்களுக்கு என்ன வருது, எல்லாத்தையும் வெளியில போர்டுல எழுதுங்க. ஏத்துறேன்."

"எம் பொழப்பத் தெருவுல எழுதி வைக்கணுமா?"

"எங்க பொழப்பு தெருவுலதானங்க ஓடுது?"

"வெளிய போடா!"

ராசாங்கம் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். அப்போது லோடுச் சீட்டோடு நின்றிருந்த வெள்ளைச்சாமி அதை மேஜையில் திரும்ப வைத்தார். "நானும் போர்டப் பாத்துட்டே ஏத்திக்கிறேன் சார்." சீட்டைத் திரும்ப எடுக்கவில்லை. அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவரும் வைத்தார். வெயில் ஏற ஏற லாரிகள் அசையாமல் நின்றன. ஆலையிலிருந்து அறிவரசனுக்குப் போன் மேல் போன்.

சாயங்காலம் போர்டு தொங்கியது. ஊர் ஊராக லாரி வாடகை, பழையதைவிடக் கூடுதலாகவே எழுதியிருந்தது. ஆலை தருவதும் அவருடைய கமிஷனும் அதில் இல்லை. சிலர் இதுபோதும் என்றார்கள். ராசாங்கம் லோடு ஏற்றினார்; ஆனால் போதும் என்று சொல்லவில்லை.

இப்போதும் சீட்டு வாங்கப் போகும்போதெல்லாம் கேட்கிறார். "கமிஷன் எழுதலியே சார்?"

அறிவரசன் காது கேளாதவர்போல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவரும் அதையே கேட்பார்.