கறுப்புப் பெயின்ற் அடித்த துவக்கு

பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தல்: இன்று பிராங்பேர்ட் ரயிலில் பொலிஸ் என் துவக்கைப் பறித்தது. கை நடுங்காமல் கொடுத்தேன்.

நாளை தமிழ்ப் பள்ளி நாடகத்தில் நான் வேட்டைக்காரன். தம்பியின் செம்மஞ்சள் பிளாஸ்டிக் துவக்குக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துத் தோளில் போட்டிருந்தேன்.

"இது சுடாது" என்றேன்.

"சுட வேண்டியதில்லை. நிஜம் போலத் தெரிந்தாலே வெளியில் கொண்டு திரியத் தடை. புதுச் சட்டம். செம்மஞ்சளாகவே இருந்திருந்தால் வெறும் விளையாட்டுச் சாமான்" என்றார் பொலிஸ்காரி.

அசந்துபோனேன். ஒரு டப்பா பெயின்றால் ஆயுதமே செய்திருக்கிறேன்!

"நான் அவ்வளவு கெட்டிக்காரனோ?" என்றேன் தமிழில்.

"வாயை மூடடா" என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

பளிச்சென்ற நிறத்தில் துவக்கு வைத்திருப்பவர்கள் உடனே சொல்லுங்கோ. நாடகம் நிற்கப்போகிறது.

கை நடுங்காதது உண்மைதான். அக்காவின் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.