சமையலறை உத்திரம்

ஹோரஸ் பீஸ்லி எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் கொதிகலன்காரர், தச்சர், குழாய் ரிப்பேர்காரர், பனி தள்ளுகிறவர், எல்லாம் ஒரே ஆள்தான். முப்பத்து நான்கு வருஷம் அங்கே உழைத்தார். நான் வெர்னா டோ, அதே பள்ளியின் சமையல்காரி. இருபத்தொரு வருஷம் காலை ஐந்தரை மணிக்கு அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தவள். அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவர் இந்த ஊரில் கிடையாது. என்னைவிட யோக்கியதை இல்லாதவரும் கிடையாது. அது போகப் போகத் தெரியும்.

பிடிவாதக்காரர் என்றால் அப்படியொரு பிடிவாதக்காரர். வெளியாள் யாரும் அந்தக் கட்டிடத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை தலைமையாசிரியை பக்கத்து ஊரிலிருந்து குழாய்க்காரனை வரவழைத்துவிட்டாள். மூன்று வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷன். வேலை சம்பந்தமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சொல்வார், நான் போய் அவளிடம் சொல்வேன். அவள் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்!

பனிப்புயலில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லாத வருஷம், கொதிகலன் அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக் கிடந்தார். குழாய் ஒன்றுகூட வெடிக்கவில்லை. குளிர்காலத்தில் குழந்தைகளின் நனைந்த கையுறைகளைச் சூடான குழாய்மேல் வரிசையாகக் காயப்போடுவார். எந்த ஜோடி யாருடையது என்று பெயர் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். வாந்தி எடுத்த பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. மரத்தூள் வாளியோடு வந்து, துடைத்துவிட்டு, "எனக்கும் திங்கட்கிழமைன்னா இப்படித்தான் வரும்"னு சொல்லிச் சிரிக்க வைப்பார்.

ஆனாலும் கட்டிடத்துக்குத் தொண்ணூறு வயதாகப் போகிறது. மழை பெய்தால் கீழ்த்தள வகுப்புகளில் வாளி வைக்க வேண்டும். வடக்குப் பக்க அறையில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் கணக்குப் போட்டார்கள். பள்ளிக் குழு புதுக் கட்டிடம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. கடன் வாங்கிக் கட்டி, இருபது வருஷம் வீட்டு வரியில் அடைப்பது என்று திட்டம். மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் ஓட்டு.

அதற்காக நவம்பரில் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதினான். அதில் ஒரு வரி: 'பல ஆண்டுகளாக முறையான பராமரிப்பு இல்லை.' ஹோரஸ் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

"முப்பத்து நாலு வருஷம், வெர்னா. அந்தப் பய மொத்தமா ரெண்டு மணி நேரம் இருந்தான். அதுல அரை மணி நேரம் நீ சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்னுட்டு இருந்தான்."

"விடு ஹோரஸ். எவனோ எழுதினா எழுதிட்டுப் போறான்."

"எப்படி விடறது? ஊரே படிக்குது."

ஜனவரியில் கூரைமேல் பனிக்கட்டி கட்டி, உருகி, என் சமையலறைக்குள் தண்ணீர் இறங்கியது. சாப்பாடு பரிமாறும் ஜன்னலுக்கு நேர்மேலே உத்திரத்தில் பழுப்பாய்க் கறை. ஹோரஸ் ஏணியில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈர மரத்தூள் என் தலையில் விழுந்தது. அவர் ரொம்ப நேரம் ஏணியை விட்டு இறங்கவே இல்லை.

"சொல்லிடலாம், ஹோரஸ்" என்றேன்.

"சொன்னா அந்தப் பய எழுதினது சரின்னு ஆயிடும். கோடை லீவு வரட்டும். நானே மாத்திடறேன். அதுவரைக்கும் தாங்கும்."

"தாங்குமா?"

"தாங்கும்னு சொல்றேன்ல."

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டிடத்து வரைபடத்தில் சமையலறையே கிடையாது. சாப்பாடு பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் வருமாம், இங்கே சூடு பண்ணிக் கொடுத்தால் போதுமாம். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கை முட்டியெல்லாம் வீங்கிப் போனவளை வேறு எவன் வேலைக்கு வைப்பான்? அவர் தன் மானத்துக்காக மறைத்தார் என்றால், நான் வயிற்றுப்பாட்டுக்காக வாயை மூடிக்கொண்டேன். உத்திரத்தைச் சுற்றிப் பலகை அடித்து, சுவரின் வெளிர் மஞ்சளையே மேலே பூசினார். ஏணியைப் பிடித்தது நான். பலகையின் மறுமுனையைத் தாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

அன்றிலிருந்து மார்ச் வரை தினமும் நூற்றுப் பத்துப் பிள்ளைகள் அதற்குக் கீழே தட்டோடு வரிசையில் நின்றார்கள். நான் அவர்களுக்கு மசித்த உருளைக்கிழங்கு போட்டேன். சே, நானும் ஒரு மனுஷியா!

ஊர்க் கூட்டம் எப்போதும் பள்ளியின் பெரிய கூடத்தில்தான் நடக்கும். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுவதும் சாப்பிடுவதும். என் சமையலறை ஜன்னல் அந்தக் கூடத்தைப் பார்த்துத்தான் திறக்கும். அன்று காலையிலேயே மடக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள் ஜனங்கள். கூட்டத் தலைவர் ஏமஸ் ரோலின்ஸ் தீர்மானத்தைப் படித்து முடித்ததும், மர அறுப்பு ஆலை வைத்திருக்கும் பர்ட்டன் க்ளஃப் எழுந்தான். வரி என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குக் காது சிவந்துவிடும்.

"தலைவரே, இன்ஜினியர் சொல்றான், பள்ளிக் குழு சொல்லுது, எல்லாம் சரி. இந்தக் கட்டிடத்தோட குடும்பம் நடத்துற ஆளை ஒருத்தரும் கேக்கலையே! ஹோரஸ், நீ சொல்லுப்பா. இது இன்னும் எத்தனை வருஷம் நிக்கும்?"

கூடம் சிரித்தது. ஹோரஸ் எழுந்து நின்றார். டை கட்டியிருந்தார் அன்றைக்கு. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒழுங்காப் பாத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் நிக்கும்" என்றார். "நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டு வரேன்."

பாதிக் கூடம் கைதட்டியது. முப்பத்து நான்கு வருஷத்தில் அவருக்கு யாரும் கைதட்டியதில்லை. அவர் முகம் மலர்ந்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

கடன் தீர்மானம் என்றால் சீட்டில்தான் ஓட்டு. பெட்டி ஒரு மணி நேரம் திறந்திருக்கும். ஓட்டைப் போட்டுவிட்டு ஜனங்கள் என் ஜன்னலுக்கு வந்து வேகவைத்த பீன்ஸும் பன்றித் தொடைக்கறியும் பழுப்பு ரொட்டியும் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் ஏப்ரனோடு போய் 'வேண்டாம்' சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஹோரஸ் சாப்பிடவில்லை. தட்டை ஏந்தியபடி ஜன்னல் பக்கத்தில் நின்றவர், அண்ணாந்து பார்ப்பதும் வரிசையைப் பார்ப்பதுமாக இருந்தார். பெண்கள், கிழவர்கள், இடுப்பில் குழந்தையை வைத்தவர்கள், மொத்த ஊரும் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. "இங்க கூட்டம் போடாதீங்க. வாங்கிட்டு நகருங்க, நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்ன ஹோரஸ், ட்ராஃபிக் போலீஸ் வேலையும் சேர்த்துக் குடுத்துட்டாங்களா?" என்று யாரோ கிண்டலடித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வியர்த்துக் கொட்டியது.

எண்ணினார்கள். தீர்மானம் ஜெயிக்க ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அதாவது இருநூற்றுப் பதினாறு. கிடைத்தது இருநூற்றுப் பதினொன்று. ஐந்து ஓட்டில் புதுப் பள்ளி போயிற்று. முன்வரிசையில் ஒரு டீச்சர் அழுதாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர்களே எழுந்து, 'இதை மறுபடி எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, தாங்களே 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டுத் தோற்கடிப்பார்கள். அப்படி ஒரு தடவை தோற்றுவிட்டால் அன்று முழுக்க யாரும் அந்தப் பேச்சைத் திறக்க முடியாது. பூட்டுப் போடுவது என்போம். பர்ட்டன் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து பூட்டைக் கொண்டுவந்தான்.

"இதைப் பத்தி யாராவது பேசணுமா?" என்று ஏமஸ் சடங்குக்குக் கேட்டார். யாரும் பேசுவதில்லை.

ஹோரஸ் எழுந்தார்.

"காலைல நான் சொன்னது பொய்" என்றார்.

"என்ன சொல்றீங்க, ஹோரஸ்?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து என் ஜன்னலுக்குக் கீழே போட்டு, அதன்மேல் ஏறினார். பின்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையை நெம்பினார். அவர் அடித்த பலகை, லேசில் வரவில்லை. கடைசியில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே கறுத்துக் கிடந்த மரத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகினார். முழுசாக உள்ளே போயிற்று. அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்தார். ஜன்னலருகே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"ஜனவரியிலயே தெரியும்" என்றார். "மூடி வச்சேன். என்னைப் பத்தி எழுதினதைப் பொய்யாக்கணும்னு மூடி வச்சேன். உங்க புள்ளைங்க இதுக்குக் கீழதான் நின்னு சாப்பாடு வாங்குச்சுங்க."

ஏமஸ் கேட்டார்: "இது வேற யாருக்காவது தெரியுமா?"

நான் ஹோரஸுக்கு இரண்டு முழம் பின்னால், ஜன்னலுக்கு உள்ளே, கரண்டியோடு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல. எனக்கு மட்டுந்தான்."

"எட்டடிப் பலகைய ஒத்தை ஆளாவா தூக்கி அடிச்ச?" என்றான் பர்ட்டன். ஏமாந்த கோபம் அவனுக்கு.

"எனக்கு ரெண்டு கை இருக்கு, பர்ட்டன்."

சொல்லடி வெர்னா, சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நான் குனிந்து பீன்ஸைக் கிளறினேன்.

பூட்டு உடைந்தது. மறு ஓட்டு நடந்தது, புதுப் பள்ளி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. மறுநாளே கட்டிடத்தை மூடி, வகுப்புகளைத் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். ஹோரஸ் அவர்கள் நீக்கும்வரை காத்திருக்காமல் சாவிக் கொத்தைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். பிரிவு விருந்து கிடையாது. மெழுகுவத்தி வைத்த ஒரு கேக்கூடக் கிடையாது.

ஊர் அவரைச் சும்மா விடுமா? "நம்ம புள்ளைங்க தலைமேல எமனைத் தொங்கவிட்டுப் பெயிண்ட் அடிச்சிருக்கான், பாவி!" என்பார்கள் கடையில். "பக்கத்துலயே நின்னு சமைச்சிருக்கியே, வெர்னா. உன் தலையிலயில்ல விழுந்திருக்கும்!" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தலையாட்டுவேன். ஒரு தடவை "நல்ல வேளை" என்றுகூடச் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

அந்தப் பரிதாபத்திலேயே எனக்கு யோகம் அடித்தது. பெற்றோர்கள் கூடி, வெர்னா இல்லாத பள்ளி வேண்டாம் என்று வரைபடத்தில் சமையலறையைச் சேர்க்க வைத்தார்கள். எஃகு மேசை, ஆறு அடுப்பு, பெரிய ஜன்னல்.

ஒரு நாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போய் ஏமஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன், ஹோரஸ்."

"சொல்லி?"

"உன் மேல மட்டும் பழி கிடக்குதே."

"என் பொய், நான் சொன்னேன். உனக்கு வேலை இருக்குல்ல? போய் அதைப் பாரு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. போய்ப் பார்க்கச் சொன்னார், நானும் வந்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் புதுக் கூடத்தில் ஊர்க் கூட்டம். வருஷாவருஷம் ஊர் அறிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஒரு ஆளுக்குக் காணிக்கையாக்குவார்கள். யாருக்கு என்பது அன்று காலை புத்தகம் கைக்கு வரும்வரை ரகசியம். பிரித்தேன். என் படம். ஏப்ரனோடு சிரிக்கிறேன். கீழே: 'இருபத்து நான்கு ஆண்டுகளாக நம் குழந்தைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர்.'

மொத்தக் கூடமும் எழுந்து நின்றது. கதவோரம், கடைசி வரிசையில், ஹோரஸும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி.

"ரெண்டு வார்த்தை பேசுங்க, வெர்னா" என்று ஏமஸ் மைக்கைக் கையில் கொடுத்தார்.

சொல்லலாம். நானூறு பேர் வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அந்தப் பலகையின் மறுமுனை என் கையில் இருந்தது' என்றால் முடிந்தது. நாக்கு வரை வந்தது.

"நன்றி" என்றேன். "எனக்குப் பேச வராது."

எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள். ஹோரஸும் தட்டினார்.