ஏரிக்கரைக்கு மறுபடியும் பஸ்

ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில், ஏரிக்கரைக் கிராமமொன்றில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஊரே என்னுடன் நிற்கிறது. ஊன்றுகோல் பிடித்த முதியவர்கள், குழந்தை வண்டியுடன் ஒரு தாய், வரவேற்பு வாசிக்க டிரம்பெட்டோடு ஊர்த் தீயணைப்புக்காரர் ஒருவர். போன வருடம் ஓட்ட ஆளில்லையென்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். டாக்டரிடம் போகக்கூடப் பக்கத்து வீட்டுக் காருக்குக் கெஞ்ச வேண்டியிருந்ததாம். இப்போது ஊரார் சேர்ந்து சொந்தமாக ஒரு சிறிய பஸ் வாங்கியிருக்கிறார்கள். இன்று அதன் முதல் ஓட்டம்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் பஸ் வருகிறது. டிரம்பெட் முழங்குகிறது. கதவு திறந்தால், ஓட்டுநர் இருக்கையில் நம்மூர் முகம்!

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம் தம்பி, யாழ்ப்பாணம். ஏறுங்கோ."

"இங்க டிரைவர் வேலையா?"

"இல்லை, முதியோர் இல்லத்திலை வேலை. ஓட்ட ஆளில்லாட்டி பஸ் விட ஏலாது எண்டிச்சினம். அப்ப நான் ஓட்டுறன் எண்டு சொன்னன். லைசென்ஸ் சோதனையிலை முதல் தரம் ஃபெயில். விட்டனோ?"

சிரிக்கிறார். எனக்குப் பின்னால் ஏறிய ஜெர்மன் மூதாட்டி அக்காவின் தோளில் கைவைத்து, "இவள் எங்கள் ஊர்க்காரி" என்று பெருமையோடு என்னிடம் சொல்கிறார்.

அக்கா ஹாரனை நீளமாக அடிக்கிறார். அக்கரையிலிருந்தும் யாரோ கையசைக்கிறார்கள்.