ஆறியது தோல் மட்டும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் நூல் பங்கீடு முடியாத சமயம். அருப்புக்கோட்டையில் நான் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தத் திமிரும் இருந்தது.

உடைந்த லாந்தர்க் கண்ணாடி என் அப்பாவின் வலது மணிக்கட்டை உள்பக்கமாக ஆழக் கிழித்துவிட்டது. இரண்டு மாதத்தில் புண் ஆறித் தழும்பாயிற்று. ஆனால் அப்பாவால் பாவு பிணைக்க முடியவில்லை. தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சாம்பல் தொட்டு, விரல்நுனியில் உருட்டிச் சேர்க்கிற வேலை அது. விரலில் இழை இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றார்.

எங்களுக்கு நூல் கொடுக்கும் முதலாளி ஒருநாள் வந்தார். தழும்பை அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பிள்ளை, நீ சொல்லுப்பா. புண்ணு ஆறிருச்சா இல்லையா?"

தோல் கிழிந்தால் புதுத் தோல் வளர்ந்து மூடும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். ஆறிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

"பெறகென்ன? வேலைக்கு உடம்பு வணங்கலை, அம்புட்டுத்தான்" என்றவர், எங்கள் பங்கு நூலைத் தம் மைத்துனர் தறிக்கு மாற்றிவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

மறுநாள் அடுப்பிலிருந்த கஞ்சிச் சட்டியை அப்பா இறக்கினார். விரலில் கொப்புளம் எழும்பியதைக் கண்ணால் கண்ட பிறகே அவருக்குச் சுட்டது தெரிந்தது. பாடத்தை மறுபடி எடுத்தேன். உடம்பில் திசுக்கள் நான்கு வகை: மேலே மூடிக் காப்பது, எலும்பும் இரத்தமும் போலத் தாங்கி இணைப்பது, சுருங்கி அசைக்கிற தசை, உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு. அறுந்த நரம்பு தோலைப் போல லேசில் வளராது என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நான்தான் புரட்டவில்லை.

அப்பாவை முதலாளியிடம் கூட்டிப்போனேன். கண்ணை மூடச் சொல்லி, ஆள்காட்டி விரலில் ஊசியால் குத்தினேன். இரத்தம் துளிர்த்தது. கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார்: "எப்பப்பா குத்தப் போறே?"

முதலாளி ஊசியையும் பார்த்தார், இரத்தத்தையும் பார்த்தார். "அன்னிக்கு ஆறிருச்சுன்னு நீதானப்பா சொன்னே?" என்றார்.

நூல் திரும்பி வரவில்லை. அவருக்குக் கையின் நிலை தேவைப்படவில்லை; படித்தவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு பற்றி எரிகிறது. ஆனால் கைக்கு உரியவர் பக்கத்திலேயே நிற்க, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொன்ன என்மேல் வருகிற கோபம்தான் அதைவிடப் பெரிது.