எனக்கு வேணும் என்று சொல்லாத ஐந்து பேர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நாங்கள் ஐந்து பேர் மரியாதையினால் தோற்றுப்போனோம். நம்புவீர்களா?

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் நிஸாம் நானாவின் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்) ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. சுவரோரமாகப் பெயின்ட் வாளிகள், நடுவில் பிளாஸ்டிக் கதிரைகள், ஐந்து பேர் கையிலும் போன். எதிரணி கம்பளைப் பக்கம் யாரோ ஒருவருடைய வீட்டில். ஆட்டம் தொடங்க முன்னர் ஆளுக்கு ஒரு வீரரைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்குத் தருவது சில செக்கன்கள்தான். திரையில் கடிகாரம் ஓடுகிறது.

"குகன், நீங்க எடுங்க" என்றேன் நான்.

"இல்லையில்லை, அக்கா எடுக்கட்டும்" என்றார் குகன்.

"எனக்கு எதுன்னாலும் பரவாயில்ல. நானா எடுக்கட்டும்" என்றேன்.

"மருமகன் எடுங்க, நான் பொறகு பாக்குறேன்" என்றார் நிஸாம் நானா.

"மாமா இருக்கக்குள்ள நான் எப்டி..." என்று இழுத்தார் மருமகன் அஷ்கர்.

நேரம் முடிந்துவிட்டது. நேரம் முடிந்தால் விளையாட்டே கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது எடுத்துக் கையில் தந்துவிடும். குகனுக்குக் கிடைத்தது காயத்துக்கு மருந்து போடும் ஒரு தேவதை. ஏற்கெனவே என்னிடமும் ஒரு மருந்துக்காரி. இரண்டு பேரையும் வைத்து ஒரு டிஸ்பென்சரி நடத்தலாம்... சண்டை போட முடியுமா? பிளேன் டீ ஆறுவதற்குள் எங்கள் கோட்டை விழுந்துவிட்டது.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் போன் பைத்தியம் தெரியும். "ஐம்பதை நெருங்கும் பொம்பளைக்கு இது தேவையா" என்று எழுதிக் கேட்டவர்களும் உண்டு. தேவைதான். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இது ஐவருக்கு ஐவர் ஆடும் ஆன்லைன் சண்டை. எதிரியின் கோட்டையை முதலில் உடைப்பவர்கள் வென்றவர்கள். நூற்றுக்கு மேல் வீரர்கள் உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை. யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பாதி ஆட்டம்.

அதைக் குகன் அழகாகச் சொல்வார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் எஞ்சினியர். "ஒருத்தர் முன்னுக்கு நிண்டு அடி வாங்கோணும். ஒருத்தர் தூரத்தில நிண்டு சுடோணும். ஒருத்தர் காட்டுக்குள்ளால சுத்திப் பின்பக்கமா வரோணும். ஒருத்தர் மந்திரத்தால எதிரிய அசையாமப் பிடிக்கோணும். ஒருத்தர் மருந்து போடோணும். அஞ்சு பேரும் சுட வெளிக்கிட்டா ஆர் அடி வாங்கிறது?"

விளக்கம் எல்லோருக்கும் புரிந்தது. நடைமுறையில்தான் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் தனியாக இருந்து முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது எங்களில் யாருக்கும் இந்த மரியாதை வருவதில்லை. பாய்ந்து பிடுங்குகிறோம். "சுடுறது நான்தான், விலகு" என்று திட்டியும் எழுதுகிறோம். அதே ஆட்கள் ஒரே அறையில் முகம் பார்த்து உட்கார்ந்துவிட்டால் போதும், பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகள் ஆகிவிடுகிறோம். நானா வீட்டில் வட்டிலப்பம் வைத்தால் கடைசித் துண்டு எப்போதும் அப்படியே குசினிக்குத் திரும்பிப் போகும். எல்லோருக்கும் அதில் கண் இருக்கும். கை மட்டும் நீளாது.

நீங்களும் அப்படித்தானே?

இந்தத் தோல்வி வெறும் பயிற்சி ஆட்டத்தில்தான் நடந்தது. ஆனால் கண்டியில் வருடா வருடம் நடக்கும் போட்டிக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. அதில் நாங்கள் ஆடிய எல்லா வருடங்களிலும் முதல் சுற்றோடு வீடு வந்தவர்கள். அன்று போன்களை வைத்துவிட்டு, எங்கள் கேப்டனான நிஸாம் நானா தொண்டையைச் செருமினார்.

"இந்த முறையும் முதல் ரவுண்டுல வெளிய வந்தா, இதோட நிப்பாட்டிருவோம். ரூமும் வேணும். டைல்ஸ் வருது, வைக்க எடமில்ல."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். அம்பிட்டியவில் மேட்டின் மேலே வீடு. நாள் முழுக்கச் சிங்களப் பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதிப் பத்திரத்தோடும்தான் பேச்சு. சனிக்கிழமை அந்த நான்கு பேரைப் பார்க்காவிட்டால், அந்த வாரம் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கவே மாட்டேன். அந்த அறையை டைல்ஸுக்கு விட்டுக்கொடுப்பதா? முடியாது என்று கெலிஓயா பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் முடிவு செய்தால் போதுமா? அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. குகன் சீட்டுக் குலுக்கலாம் என்றார். குலுக்கினோம். தனக்கு வந்த சீட்டை ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் நீட்டி, "உங்களுக்கு வேணும்னா மாத்திக்கலாம்" என்றோம். திரும்பவும் தோற்றோம்.

அப்போதுதான் செல்வராணி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

செல்வராணி கலஹாக்காரி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, எங்கள் ஐந்து பேரில் வயதில் குறைந்தவள். நன்றாக ஆடுபவள் யார் என்று கேட்டால் நாங்கள் எல்லோருமே அவளைத்தான் காட்டுவோம். ஆனால் அவளைக் காட்டுக்குள் அலைய விட்டிருந்தோம். தூரத்தில் நின்று சுடும் முக்கியமான இடத்தை மூத்தவர் என்று நானாவுக்குக் கொடுத்திருந்தோம். வேறு எப்படிக் கொடுப்பது?

"எனக்கு சுடுற இடம் வேணும்" என்றாள். "நம்ம அஞ்சு பேர்ல நான்தான் நல்லா சுடுவேன். எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரும் சொல்ல மாட்டீங்க, நானும் கேக்க மாட்டேன். இப்படியே நல்லவங்களா இருந்து இருந்து ரூமையும் குடுத்துட்டுப் போகப் போறோம்."

எனக்கு முகம் சூடேறியது. இப்படியா ஒருவர் வாய்விட்டுக் கேட்பார், அதுவும் நானாவின் முன்னால்?

நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார். "எடுங்க மகள். எனக்கு அந்த வேல புடிக்கவே இல்ல. தூரத்துல வாறது ஆளா மரமான்னே எனக்கு வெளங்குற இல்ல. நீங்க எல்லாம் ஆசையாத் தந்தீங்க... எப்டி வேணாம்னு சொல்ற?"

இத்தனை வருடங்கள். அவருக்கு வேண்டாத ஒன்றை, அவளுக்கு வேண்டிய ஒன்றை, நாங்கள் எவ்வளவு அன்போடு இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. குகன் தனக்கு மந்திரக்காரர்தான் வேண்டும் என்றார். நானா காடு போதும் என்றார், மெதுவாகச் சுற்றி வரலாமாம். அஷ்கர் கொஞ்சம் தயங்கிவிட்டு, முன்னால் நின்று அடி வாங்கும் இடத்தைக் கேட்டார்.

நானாவின் முகம் மாறியது. "அது வேணாம். அதுல நிக்கிறவர்தான் முதல்ல மவுத்தாகுற. மருமகன முன்னுக்கு அனுப்பிட்டு நான் எப்டி மகள்ட மொகத்துல முழிக்கிற?"

"மாமா, விளையாட்டுல மவுத்தானா கொஞ்ச நேரத்துல திரும்பி வருவேன்."

"தெரியும். பாக்க ஏலாம இரிக்கி, அதுதான்."

ஆட்டத்தில் அஷ்கர் சாயும்போதெல்லாம் எங்கள் கேப்டன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரைக் காப்பாற்ற ஓடி, தானும் சாகிறவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தோல்விகளில் பாதி அப்படி வந்தவை. அவ்வளவு நல்ல மாமனார்.

கடைசியாக என் முறை. "எனக்கு எதுன்னாலும் பரவாயில்ல" என்றேன், பெருந்தன்மையாக.

செல்வராணி என்னைப் பார்த்தாள். "அப்படி ஒரு ஹீரோ இல்லக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரி, மருந்து போடுறவ எனக்கு" என்றேன்.

"வேணும்னு கேக்குறீங்களா, மிச்சம்னு எடுக்குறீங்களா?"

"வேணும்னுதான்" என்றேன். மிச்சம் என்றுதான் எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சனிக்கிழமை மட்டும் என்ற கணக்கு இல்லை. குகன் வேலை முடிந்து நேரே வந்தார். செல்வராணி கலஹா பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். நான் காணி உறுதிகளை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அஷ்கர் எங்கே நின்றால் என் மருந்து அவருக்கு எட்டும், குகன் மந்திரம் போட்ட கையோடு செல்வராணி எந்தப் பக்கம் சுட வேண்டும், நானா எப்போது காட்டை விட்டு வெளியே வர வேண்டும்... திரும்பத் திரும்பச் செய்தோம். எனக்குக் கட்டைவிரல் வீங்கிப்போனது.

போட்டி நாள் வந்தது. கண்டி டவுனில் ஒரு மண்டபம், கூட்டம், காது கிழியும் பாட்டு. எங்களோடு மோத வந்தவர்கள் கறுப்பு ஜெர்சி போட்ட ஐந்து பையன்கள். என்னையும் நானாவையும் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஒருவன் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஆன்ட்டி" என்றான். நல்ல பிள்ளை. தோற்கடித்தே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. "எனக்கு இது." "எனக்கு இது." "இது என்ட." ஐந்து பேரும் எடுத்து முடித்தபோது கடிகாரத்தில் நேரம் மிச்சம் இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், கொஞ்சம் வெட்கமாகத்தான்.

ஆட்டம் இழுபறி. முடிவில் அவர்களுடைய கோட்டைக்கு வெகு தூரத்தில் அஷ்கரை அந்த ஐந்து பையன்களும் சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் மருந்து தீர்ந்துவிட்டது. மறுபக்கம் காட்டுக்குள் நானா. அவர் முன்னே இரண்டு வழி. மருமகனிடம் ஓடலாம், அல்லது ஆளில்லாமல் கிடக்கும் அவர்கள் கோட்டையைப் போய் அடிக்கலாம்.

நானாவின் விரல் தயங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"நான் மவுத்து மாமா" என்றார் அஷ்கர், மிக அமைதியாக. "நீங்க போங்க."

"யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டே நானா கோட்டைப் பக்கம் திரும்பினார். அஷ்கர் விழுந்தார். செல்வராணி தூரத்திலிருந்து சுட, நானா அடிக்க, கோட்டை சரிந்தது.

வென்றுவிட்டோம். நானா போனை வைத்துவிட்டு முதலில் செய்தது, மருமகனின் தோளைத் தொட்டுப் பார்த்ததுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

இரண்டாம் சுற்றில் ஒழுங்காகத் தோற்றோம். எங்களை விட நன்றாக ஆடியவர்களிடம் தோற்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. படியிறங்கும்போது நானா டைல்ஸைக் கடைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றார். அறை தப்பியது.

அப்போது செல்வராணி நின்றாள். "நானா, இன்னொன்னும் கேக்கணும். கேப்டன் வேலையும் எனக்குத் தாங்க."

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். நானா இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "கேக்க மாட்டீங்களோன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

நல்ல முடிவு, இல்லையா? இதோடு பத்தியை முடித்திருந்தால் எனக்கும் மரியாதையாக இருந்திருக்கும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை புதுக் கேப்டன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த போட்டிக்கான அணியைப் போட்டாள். முன்னால் அஷ்கர், காட்டில் நானா, மந்திரத்துக்குக் குகன், சுடுவதற்கு அவள். மருந்து போட, அவளுடைய ஆபிஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். என் பெயர் கீழே தனியாக இருந்தது. ரிசர்வ்.

வலித்தது. நாள் முழுக்க ஒரு விவாகச் சான்றிதழைக்கூட என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. சமாதானம் சொல்லி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. புதிய பெண் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தேன். என்னை விட நன்றாக ஆடுகிறாள். அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

மாலையில் செல்வராணிக்குப் போன் எடுத்தேன். பஸ்ஸில் இருந்தாள், இரைச்சல்.

"எனக்கு அந்த இடம் வேணும்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இந்த முறை மிச்சமென்று கேட்கவில்லை.

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"வெளையாண்டு எடுத்துக்கங்கக்கா."